பிராஸ்டேட் புற்றுநோய்: பட்டாசு மருந்தா, பழைய மேகநோயா... எது காரணம்?

58 வயதுள்ள ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஒரு கிராமம். 20 வயதிலிருந்து பயர் ஆபீஸில் மருந்துக் கலவை வேலை. கொஞ்ச நாளாக ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்கிறார். போய் நின்றால் உடனே வருவதில்லை. வந்தாலும் சொட்டுச் சொட்டாக... முழுக்கப் போன திருப்தி இல்லை.

மனைவி கேட்டால், "ஒண்ணுமில்ல, சூடு பிடிச்சிருக்கு. வெந்தயம் ஊறப்போடு" என்று சொல்லிவிடுகிறார். ஆனால் மனசுக்குள் இரண்டு பயம். ஒன்று: "இத்தனை வருஷமா கந்தகத்தையும் அலுமினியப் பவுடரையும் சுவாசிச்ச உடம்பு. கேன்சராத்தான் இருக்கும்!" இன்னொன்று வெளியில் சொல்ல முடியாதது: "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை வெட்டை நோய் வந்துச்சே... அதோட பலனா இருக்குமோ?"

இந்த இரண்டு பயமும் சேர்ந்து அவரை என்ன செய்கின்றன தெரியுமா? டாக்டரிடம் போகவிடாமல் பிடித்துவைக்கின்றன!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அப்பாவோ, மாமாவோ, அண்ணாச்சியோ இருக்கலாம். அவருக்காகத்தான் இந்தப் பாடம். அந்தப் பயங்களில் எவ்வளவு நிஜம், எவ்வளவு வீண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

இந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது?

பிராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப் பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. வாலிப வயதில் ஒரு நெல்லிக்காய் அளவு, எடை சுமார் 20 கிராம். விந்துவில் கலக்கிற திரவத்தில் ஒரு பகுதியைச் சுரப்பதுதான் இதன் வேலை.

சிறுநீர்க் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவில் துளைத்துக்கொண்டு போகிறது. இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சுரப்பி வீங்கினால் குழாய் நசுங்கும். தோட்டத்து டியூபை காலால் மிதித்தால் தண்ணீர் எப்படி வரும்? அதே கதைதான்.

மூன்று கோளாறு, ஒரே மாதிரி தொந்தரவு

பிராஸ்டேட்டுக்கு மூன்று விதமான கோளாறு வரலாம்.

முதலாவது, வயதானால் வருகிற சாதாரண வீக்கம். இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. 50 வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வீக்கம் இருக்கும். 80 வயதுக்கு மேல் பெரும்பாலோருக்கு உண்டு.

இரண்டாவது, கிருமியினாலோ வேறு காரணத்தாலோ வருகிற அழற்சி. எரிச்சல், அடிவயிற்று வலி, சில சமயம் குளிர்காய்ச்சல் இருக்கும். இது வாலிபர்களுக்கும் வரும்.

மூன்றாவதுதான் புற்றுநோய். இது பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில் ஆரம்பிக்கிறது. குழாயோ நடுவில் இருக்கிறது. அதனால் ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவுமே தெரியாமல் போகலாம்!

ஆக, நமது 58 வயதுக்காரரின் சிரமத்துக்குச் சாதாரண வீக்கமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதை முடிவு செய்ய முடியாது. பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

சந்தேகம் இல்லாத காரணங்கள்

2022-ம் வருடம் உலகம் முழுவதும் சுமார் 14 லட்சத்து 67 ஆயிரம் ஆண்களுக்குப் புதிதாக இந்தப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது என்பது சர்வதேச மதிப்பீடு. இந்தியாவில் சுமார் 38 ஆயிரம் பேர். மேல்நாடுகளோடு ஒப்பிட்டால் நம்மிடம் குறைவுதான். ஆனால் நம்மவர்களில் பலர் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள்.

காரணங்களில் முதலிடம் வயதுக்கு. 50-க்கு முன் இது அபூர்வம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஆபத்து ஏறுகிறது.

அடுத்தது பரம்பரை. அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ வந்திருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. தாய், சகோதரி வழியில் இளவயதில் மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் வந்த குடும்பங்களிலும் கவனம் தேவை. 'பி.ஆர்.சி.ஏ.-2' என்ற மரபணுவில் வரும் பழுது பெண்களுக்கு அந்த நோய்களையும், ஆண்களுக்கு பிராஸ்டேட் புற்றுநோயையும் கொண்டுவரக்கூடும்.

'அப்படின்னா எல்லாம் தலையெழுத்துதானா?' என்று கேட்காதீர்கள். ஜப்பானில் இந்த நோய் குறைவாக இருந்த காலத்தில், அங்கிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களைக் கவனித்தார்கள். அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இந்த நோய் கூடியது. ரத்தம் அதேதான், ஊர்தான் மாறியது! அமெரிக்காவில் அதிகம் பரிசோதித்து அதிகம் கண்டுபிடித்ததும் இதில் ஒரு பங்கு. ஆனாலும் சாப்பாடு, உடல் எடை, வாழ்க்கை முறை ஆகியவற்றுக்கும் ஒரு கை உண்டு என்பதை அது காட்டியது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்த நோய் முற்றிய நிலையில் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது இன்று நன்றாகத் தெரியும்.

முதல் பயம்: பட்டாசு மருந்து

நம் பகுதிக்கு வருவோம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததில் தொடங்கிய வரலாறு இது. அதன்பின் பட்டாசு, அச்சு என்று சிவகாசியும் சுற்று வட்டாரமும் தொழிலால் நிமிர்ந்தன. வானம் பார்த்த பூமிக்கு அந்த 'மருந்து'தான் சோறு போட்டது.

அந்த மருந்தில் என்ன இருக்கிறது? வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர், கரி. நிறத்துக்குச் சில உலோக உப்புகள். பச்சை நிறத்துக்குப் பயன்பட்ட 'பச்சை உப்பு' எனப்படும் பேரியம் நைட்ரேட்டை உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை செய்தது. அதற்கு முன் 2017-லேயே ஈயம், ஆர்சனிக், பாதரசம், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவை பட்டாசில் எந்த வடிவிலும் இருக்கக்கூடாது என்று உத்தரவிட்டது.

இவற்றில் எது பிராஸ்டேட் புற்றுநோயைத் தரும்?

இதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்தில் இருக்கிறது. எந்தப் பொருள் எந்தப் புற்றுநோயைத் தரும் என்று சான்றுகளை எடை போடுவது அதன் வேலை. 'போதுமான சான்று' என்று அது சொன்னால் கோர்ட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'குறைந்த அளவு சான்று' என்றால் போலீஸில் புகார் பதிவாகியிருக்கிறது, குற்றம் நிரூபணமாகவில்லை என்று அர்த்தம்.

பிராஸ்டேட் விஷயத்தில் புகார்ப் பட்டியலில் நிற்பவை இவை:

காட்மியம்: பேட்டரி, சில வர்ணங்கள், உலோகப் பூச்சு வேலைகளில் வரும் உலோகம். நுரையீரல் புற்றுநோய்க்குத் தீர்ப்பே ஆகிவிட்டது. பிராஸ்டேட்டுக்குப் புகார் மட்டுமே. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சும் என்பதால் பீடி, சிகரெட் குடிப்பவர் உடம்பில் இது சேருகிறது.

ஆர்சனிக்: குடிநீரில் கலந்திருந்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் வருவது உறுதி. பிராஸ்டேட்டுக்குச் சந்தேகம்.

மாலத்தியான்: 2015-ல் இந்தப் பூச்சிமருந்தின் மேல் புகார் பதிவானது. பருத்திக் காட்டில் மூக்கைக்கூட மூடாமல் மருந்தடிப்பவர்கள் கவனிக்க வேண்டும்! கரீபியக் கடலிலுள்ள மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளின் வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்டெக்கோன் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். அது ரத்தத்தில் அதிகம் இருந்தவர்களுக்கு பிராஸ்டேட் புற்றுநோயும் அதிகம் என்று 2010-ல் ஓர் ஆய்வு சொன்னது. 2021 டிசம்பரில் பிரெஞ்சு அரசு, பூச்சிமருந்துகளில் வேலை செய்தவர்களுக்கு வரும் பிராஸ்டேட் புற்றுநோயைத் தொழில்நோய் என்றே ஏற்றுக்கொண்டது.

ராத்திரி ஷிப்ட்: ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளியிட்டு, மார்கழி வரை காலண்டர் ஓட்டுகிற அச்சகங்களையும், ராஜபாளையத்து மில்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கில் ராத்திரி வேலை பார்ப்பதை 'அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது' என்று 2007-லும் 2019-லும் வகைப்படுத்தினார்கள். பிராஸ்டேட்டுக்கான சான்று இதிலும் குறைவுதான்.

தீயணைப்பு வேலை: 2022-ல் இதைப் புற்றுநோய் தரும் வேலை என்று அறிவித்தார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குத் தீர்ப்பு; பிராஸ்டேட்டுக்குப் புகார். ஆனால் எரியும் கட்டிடத்துப் புகையும் பட்டாசு மருந்தும் ஒன்றல்ல. இதை அப்படியே நம் தொழிலாளிக்கு ஒட்டக்கூடாது.

கவனித்தீர்களா? வெடியுப்போ, கந்தகமோ, அலுமினியப் பவுடரோ இந்தப் பட்டியலில் இல்லை. பட்டாசு வேலை செய்பவருக்கு பிராஸ்டேட் புற்றுநோய் கூடுதலாக வரும் என்று நிரூபிக்கப்படவில்லை. முதல் பயத்துக்கு இதுதான் பதில்.

அப்படியானால் மருந்தால் கெடுதலே இல்லையா?

அவசரப்படாதீர்கள்! பிராஸ்டேட்டை விட்டுவிட்டாலும் வேறு ஆபத்து இருக்கிறது. தொழிற்சாலை விபத்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை இந்த ஊர் மறக்காது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று தண்ணீரில் இருக்கிறது.

அதன் பெயர் பெர்குளோரேட். பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களிலிருந்து வரும் உப்பு. சிவகாசி, மதுரைப் பகுதிகளில் எடுத்த 60 நிலத்தடி நீர் மாதிரிகளைச் சோதித்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. பட்டாசு ஆலைகள் உள்ள இடங்களில்தான் அளவு மிக அதிகம். ஒரு மாதிரியில் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம்! குடிநீரில் 70-க்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதே சமயம் சோதித்த குழாய்த் தண்ணீர் மாதிரிகள் மூன்றிலும் 1 மைக்ரோகிராம்கூட இல்லை.

பெர்குளோரேட் தாக்குவது பிராஸ்டேட்டை அல்ல. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை. அயோடின் உள்ளே போகவிடாமல் வழி மறிக்கும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காய்ச்சி ஆற்றினால் இது போகாது. ஆகவே ஆலைக்குப் பக்கத்துக் கிணற்று நீரைக் குடிக்காதீர்கள். குழாயில் வரும் நல்ல தண்ணீரைப் பிடித்துக் குடியுங்கள். அயோடின் கலந்த உப்பையே சமையலுக்கு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் ஆலையிலேயே கை, முகம் கழுவுங்கள். வெள்ளிப்பவுடர் ஒட்டிய கையோடு தூக்குச்சட்டியைத் திறக்காதீர்கள். வேலைத் துணியோடு வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். துணியைத் தனியாகத் துவையுங்கள். மூக்குக்குத் துணி அல்லது முகக்கவசம் கட்டாயம்.

இரண்டாவது பயம்: பழைய மேகநோய்

கிருமியால் புற்றுநோய் வருமா? சில புற்றுநோய்கள் வரும். அதில் சந்தேகமே இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. வைரஸ், கல்லீரலுக்கு ஹெபடைடிஸ்-பி, வயிற்றுக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்று குற்றவாளிகள் பிடிபட்டுவிட்டார்கள்.

பிராஸ்டேட்டுக்கு அப்படி ஒரு கிருமியும் இன்றுவரை பிடிபடவில்லை. சந்தேக வலையில் சிக்கியவர்கள் பலர். வெட்டை நோய்க் கிருமி, டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, எச்.பி.வி., தோலில் முகப்பரு உண்டாக்கும் பாக்டீரியா... ஒரு ஆய்வு 'ஆமாம்' என்றால் இன்னொன்று 'இல்லை' என்கிறது. டிரைக்கோமோனாஸ் பற்றி 2006-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு தொடர்பு இருப்பதாகச் சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை உறுதி செய்யவில்லை.

இதில் ஒரு வைரஸின் கதை படிப்பினையானது. 2006-ல் 'எக்ஸ்.எம்.ஆர்.வி.' என்ற வைரஸை பிராஸ்டேட் புற்றுக் கட்டிகளில் கண்டதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். உலகமே பரபரத்தது. கடைசியில் பார்த்தால், அது மனிதனிடம் தொற்றிய வைரஸே இல்லை! ஆய்வுக்கூடத்தில் மனிதக் கட்டியை எலிகளுக்குள் வைத்து வளர்த்தபோது உருவாகி, சோதனைப் பொருட்களில் கலந்துவிட்ட வைரஸ் அது. 2012-ல் அந்தக் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. 'புதுக் கிருமி கண்டுபிடிப்பு' என்று பத்திரிகையில் பார்த்ததும் பதறக்கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அப்படியும் விஞ்ஞானிகள் ஏன் விடாமல் தேடுகிறார்கள்? நீண்ட நாள் அழற்சி இருக்கும் இடத்தில் செல்கள் செத்து, மறுபடி மறுபடி புதிதாக முளைக்க வேண்டியிருக்கிறது. ஒரே ரோட்டைத் திரும்பத் திரும்பத் தோண்டி ஒட்டுப்போட்டால் என்றாவது ஒரு ஒட்டு கோணலாகும் இல்லையா? அதுபோல மரபணுவில் தவறு நேரலாம் என்பது அவர்கள் எண்ணம். நியாயமான எண்ணம்தான், இன்னும் நிரூபணமாகவில்லை.

ஆகவே, எப்போதோ வந்து, மருந்து சாப்பிட்டுக் குணமான நோயை நினைத்து இப்போது கூனிக்குறுக வேண்டாம். இந்த நோய் யாருடைய ஒழுக்கத்துக்கும் தண்டனை அல்ல. ஆனால் இப்போது எரிச்சலோ, சீழோ இருந்தால் உடனே சிகிச்சை எடுங்கள். மனைவிக்கும் சேர்த்து எடுங்கள். லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவரிடம் போகாதீர்கள். அந்த லேகியத்தில் ஈயமும் பாதரசமும் இருந்தால் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

சிறுநீர் கழிக்கச் சிரமம், ராத்திரியில் அடிக்கடி எழுவது, சிறுநீரிலோ விந்துவிலோ ரத்தம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிராஸ்டேட் புற்று பரவினால் பெரும்பாலும் எலும்புக்குத்தான் போகும். அதிலும் முதுகெலும்பு, இடுப்பெலும்பு. பண்டல் தூக்குகிற மனிதருக்கு இடுப்பு வலித்தால் என்ன நினைப்பார்? 'பாரம் தூக்கின வலி' என்று தைலம் தேய்ப்பார். 50 வயதுக்கு மேல், படுத்தாலும் ராத்திரியிலும் விடாமல் வாரக்கணக்கில் வலித்தால் அது தைலத்துக்கு அடங்குகிற வலியா என்று பார்த்தே ஆக வேண்டும். திடீரென்று கால் மரத்து, பலம் குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

டாக்டர் அறையில் வழக்கமாக நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"டாக்டர் தம்பி, விரலை விட்டுப் பாப்பாகளாமே... எனக்குக் கூச்சமா இருக்கு."

"அண்ணாச்சி, ஒரு நிமிஷ வேலை. சுரப்பி வழவழன்னு இருக்கா, கல்லு மாதிரி இருக்கான்னு விரலுக்குத்தான் தெரியும்."

"ரத்தத்துல பாத்தா போதாதா?"

"அதையும் பாப்போம். ரெண்டும் வேணும்."

அந்த ரத்தப் பரிசோதனை 'பி.எஸ்.ஏ.' எனப்படும். பொதுவாக 4 நானோகிராமுக்கு மேல் போனால் கவனிப்பார்கள். ஆனால் கூடினால் கேன்சர் என்று அர்த்தமில்லை. சாதாரண வீக்கத்திலும் கூடும், கிருமித் தொற்றிலும் கூடும். தொற்று இருந்தால் குணமாகிச் சுமார் ஆறு வாரம் கழித்தே எடுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் தாம்பத்திய உறவும் நீண்ட தூர சைக்கிள் மிதிப்பதும் வேண்டாம். வீக்கத்துக்கோ முடி உதிர்வதற்கோ ஃபினஸ்டரைடு மாத்திரை சாப்பிடுபவர்கள் மறக்காமல் சொல்லிவிடுங்கள், அது பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

தொந்தரவே இல்லாதவர்கள் எல்லோரும் இந்த டெஸ்ட் எடுக்க வேண்டுமா? கட்டாயமில்லை. மெதுவாக வளரும், உயிருக்கு ஆபத்தில்லாத புற்றையும் அது காட்டிக்கொடுத்து, தேவையில்லாத சிகிச்சையில் தள்ளிவிடலாம். 50 வயதானவர்கள், அப்பா, அண்ணன் தம்பிக்கு வந்திருந்தால் 45 வயதிலேயே, டாக்டரிடம் நல்லது கெட்டதைப் பேசி முடிவு செய்யலாம்.

புற்று இருந்தாலும் வழி இருக்கிறது. சுரப்பிக்குள்ளேயே நிற்கும்போது கண்டுபிடித்தால் ஆபரேஷனோ கதிர்வீச்சோ பெரும்பாலோரைக் காப்பாற்றும். சிலருக்குச் சும்மா கண்காணித்து வந்தாலே போதும். பரவியவர்களுக்கும் ஹார்மோன் சிகிச்சையால் வருஷக்கணக்கில் நிம்மதி தர முடிகிறது. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை, விருதுநகரில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி, மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை எல்லாம் எட்டும் தூரத்தில்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள்.

பாடம் புரிந்ததா? சரியா, தவறா சொல்லுங்கள்!

1. வயதானால் வரும் பிராஸ்டேட் வீக்கம் கடைசியில் புற்றுநோயாக மாறும்.
தவறு. இரண்டும் வேறு வேறு. ஒருவருக்கு இரண்டும் சேர்ந்து இருக்கலாம், அவ்வளவுதான்.

2. தொந்தரவு இல்லை என்றால் புற்றுநோய் இல்லை.
தவறு. ஆரம்பத்தில் அறிகுறியே இருக்காது.

3. பயாப்சி ஊசி போட்டால் புற்று பரவிவிடும்.
தவறு. இந்தப் பயத்தால் காலம் கடத்துவதுதான் ஆபத்து.

4. வைட்டமின்-ஈ மாத்திரை இந்த நோயைத் தடுக்கும்.
தவறு. 2011-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், அதைத் தினமும் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் 17 சதவீதம் கூடியிருந்தது!

5. பீடியை விட்டால் பிராஸ்டேட்டுக்கும் நல்லது.
சரி. புகைப்பவர்களுக்கு இந்த நோய் வந்தால் அதனால் இறக்கும் வாய்ப்பு அதிகம்.

மறுபடி நமது 58 வயதுக்காரரிடம் வருவோம். அவருக்கு நாம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அண்ணாச்சி, மருந்து மேலயும் பழி வேண்டாம், வாலிபத்து மேலயும் பழி வேண்டாம். உங்க வயசுக்கு இது பாக்க வேண்டிய நேரம். நாளைக்குக் காலையில போவோம், நானும் கூட வாரேன்."

அந்தக் கடைசி வார்த்தை முக்கியம். இந்த விஷயத்தில் ஆண்கள் தனியாகக் கிளம்பமாட்டார்கள். மனைவியோ, மகனோ, மருமகனோ யாராவது ஒருவர் கூடப் போங்கள்.